அழுத்தம் விழும் இடம்

செவ்வாய் காலை பத்தரை. கிரிம்ஸ்பி மருத்துவமனையில்
ஜன்னல் திறக்காத இரண்டாம் மாடி அறை.
கிளிஃபோர்ட் ஸ்டேவ்லி வந்து உட்காருகிறார்.
துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் மீன் ஏலம் கூவியவர்;
ஒரே மூச்சில் நாற்பது பெட்டி ஹாடக் விற்றவர்.
பக்கவாதத்துக்குப் பின் வாயில் மிச்சம்
‘ஆமாம்’, ‘அடச்சே’,
மனைவி டோரீன் பெயரில் பாதி.

இன்றைய அட்டை: ரெஃப்ரிஜரேஷன்.
நான் தேர்ந்ததல்ல. பட்டியலில்
அடுத்ததாக இருந்தது.

மேஜையில் ஐந்து பொத்தான்கள் வைக்கிறேன்.
ரெ. ஃப்ரி. ஜ. ரே. ஷன்.
நான்காவது மட்டும் பெரியது,
என் பழைய கோட்டிலிருந்து பிய்ந்தது.
“இங்கேதான் குரல் ஏறணும், மிஸ்டர் ஸ்டேவ்லி.
மற்றதையெல்லாம் சும்மா தொட்டுவிட்டுப் போகலாம்.”
ரே. தட்டிக் காட்டுகிறேன்.

அவரும் தட்டுகிறார், இடது கையால்.
வலது கை மடியில் கிடக்கிறது,
யாரோ மறந்துவிட்டுப் போன கையுறை.

ரெ...
அங்கேயே நிற்கிறது.
இருட்டில் அடுத்த படி இருக்கிறதா என்று
கால் துழாவுமே,
அப்படித் துழாவுகிறது உதடு.

உரித்துக் காட்டினால் சிலருக்கு வரும்.
காகிதத்தில் கோடு கிழிக்கிறேன்:
முன்னால் ஒட்டிய ‘ரெ’, மறுபடியும் என்பது அதன் வேலை;
பின்னால் ‘ஏஷன்’, வினையைப் பெயராக்கும் விகுதி;
நடுவே லத்தீனிலிருந்து கப்பலேறி வந்த பகுதி, ‘ஃப்ரிஜ்’.
குளிர். அவ்வளவுதான். வெறும் குளிர்.

அந்தத் துண்டையே பார்க்கிறார்.
இடது கை போய் வலது கையின் விரல்களைத்
தேய்க்கிறது, ஒவ்வொன்றாக,
விடிகாலை நாலு மணிக்கு
ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நிற்பவர் போல.

பிறகு, எதிர்பாராமல்:
ரெ-ஃப்ரீ-ஜ-ர-ஷன்!
ஐந்தும் வந்தன. ஒன்றும் சிந்தவில்லை.
ஆனால் அடி விழுந்தது இரண்டாவதில்.
பொத்தான்கள் துள்ளின.

படிவத்தில் இரண்டு கட்டம் உண்டு.
அசை: சரி. அழுத்தம்: தவறு.
பெருக்கல் குறி போட்டேன். போடத்தான் வேண்டும்.

இருபத்தாறு வருடம் இந்த மொழிக்குச்
சம்பளம் வாங்கியிருக்கிறேன்;
ஒருநாளும் அதனிடம் கேட்டதில்லை:
குளிர் இரண்டாம் அசையில் கிடக்க,
வாலை எதற்கு இவ்வளவு பலமாக மிதிக்கிறாய்?

“இன்னொரு தரம்?” என்றேன்.
“ஆமாம்.”
பெரிய பொத்தானை எடுத்து
இரண்டாவது இடத்தில் வைத்தார்.
அங்கிருந்த சின்னது உருண்டு
கீழே எங்கேயோ போனது.
இருவருமே குனியவில்லை.