கழிவு போக

மூன்று முறை பிரித்துவிட்டார் என் ரவிக்கையை,
புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு
மிஷினோடு மாறிப்போன தையல்காரர்.
நான்காம் முறை நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:
"இது சாப்பாட்டுச் சதை இல்லக்கா.
ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அதற்குமுன் ஏழு மாதம்
வாயு என்றது மருந்துக்கடை.
வயசு என்றான் தம்பி மகன்.
நானும் ஓமத் தண்ணீரில்
வரவு வைத்துக்கொண்டிருந்தேன்.

கீழமாசி வீதி வத்தல் மண்டியில் கணக்கு,
நாற்பத்தொரு வருஷம்.
மூட்டை வந்தால் முதலில் சாக்கு எடை,
பிறகு ஈரம், காம்பு, மண்.
கழிவு போக நிற்பதுதான் சரக்கு.

ஸ்கேன் அறையில் ஜெல்லின் குளிர்.
"தீட்டு நின்னு எத்தனை வருஷம்?"
"இருபத்திரண்டு."
"சினைப்பை சும்மா கிடக்கிற வயசு" என்றாள் அந்தப் பெண்,
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.
சும்மா பூட்டிக்கிடந்த கடையில்
யாரோ சரக்கு இறக்கியிருக்கிறார்கள்.

எழுபத்தொன்றில் எதற்கு ஆபரேஷன்,
எதற்கு மருந்து ஏற்றிக்கொண்டு,
இருக்கிறவரை நிம்மதியாக இருக்கட்டுமே.
தம்பி வீட்டுப் பேச்சு
பக்கத்து அறையில் எனக்குக் கேட்டது.
அந்த நிம்மதிக்கு என்ன விலை போட்டார்கள் என்பதுதான்
கேட்கவில்லை.

டாக்டர் நஸ்ரீனிடம் நேராகவே கேட்டேன்:
"நூறு பேருன்னா எத்தனை பேரு?"
பேனாவை மூடினாள். திறந்தாள்.
"இந்தக் கட்டத்துல அஞ்சு வருஷம் தாண்டுறது
முப்பது பேரு போல, ஞானசௌந்தரிம்மா.
உங்க வயசுக்கு இன்னும் கொறச்சல்.
ஆனா வயசைச் சொல்லிப் பாதி வைத்தியத்தோட
விட்டவங்களும் அந்தக் கணக்குல சேர்த்தி."

முதல் ரகத்தையும் மூன்றாம் ரகத்தையும்
ஒரே குவியலாகக் கொட்டி விலை சொல்கிறார்கள்.
கையெழுத்துப் போட்டேன்.

மயக்கம் தெளிந்ததும் எடை கேட்டேன்.
ரெண்டு கிலோ முன்னூறு. தண்ணி தனி, ஆறு லிட்டர்.
"சாக்கோடயா, சாக்கு இல்லாமலா?"
நர்ஸுக்குப் புரியவில்லை.
சிரித்த எனக்குத்தான் தையல் இழுத்தது.

மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு தவணை.
முதலிலேயே முடி போனது.
மூன்றாவதில் விரல்நுனி மரத்து
ரூபாய் நோட்டு எண்ண வரவில்லை.
வெள்ளணு போதாதென்று ஐந்தாவதைத் தள்ளிப்போட்டார்கள்.
ரத்தத்தில் ஏதோ ஓர் எண்:
எண்ணூற்று அறுபதில் இருந்தது
பத்தொன்பதுக்கு வந்தது.
முப்பத்தைந்துக்குள் நல்லது என்றார்கள்.

பதினாலு மாதம்.
மண்டிக்குப் போய் வத்தல் நெடியில் ஆசைதீரத் தும்மினேன்.
எந்நாளும் இல்லாத சுருட்டையாய் முடி முளைத்தது.
தையல்காரர் ரவிக்கையைப் பிடித்துத் தைத்தார்.

நேற்று அதே எண்
அறுபத்துநான்கு.

"மறுபடி ஏத்துவாங்களா அத்தை?"
பைக்கை நிறுத்திய தம்பி மகன்
கிக்கரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.
"ஏத்துவாங்க."

வீட்டுக்கு வந்து ரவிக்கையைக் கழற்றித்
திருப்பிப் பார்த்தேன்.
வெட்டி எறியவில்லை மனுஷன்.
உள்பக்கம் இரண்டு ஓரத்திலும்
ஓரங்குலத் துணி
மடித்து விட்டிருந்தார்.