இருட்டு தானே

இருட்டில் நடக்க எனக்கு ஒரு வாரம் பயிற்சி.
அடுப்படியிலிருந்து மூன்றாம் மேசைக்குப் பதினேழு எட்டு.
பதினொன்றாம் எட்டில் தூண்.
என் தோள்பட்டை அந்தத் தூணை இன்னும் மறக்கவில்லை.

'இருளில் விருந்து.
நாக்கு மட்டும் விழித்திருக்கட்டும்.'
மஞ்சக்குப்பம் முழுக்க ஃபிளெக்ஸ்.
தலைக்கு ஆயிரத்து இருநூறு.
பெங்களூரில் இதற்கு ஒரு மாதம் காத்திருக்கிறார்களாம்.
முதலாளி அபினேஷ் அதைச் சொல்லும்போது
கண்ணில் அத்தனை வெளிச்சம்.

பாண்டிச்சேரி ரீல்ஸ் பிள்ளைகள் வரவில்லை.
செல்போனை வாசலில் வாங்கிவைப்போம் என்றதும்
அப்புறம் எதை எடுக்க நாங்க வரணும் என்றார்களாம்.
நியாயம்தான்.

நாற்காலி காலியாக இருக்கக் கூடாதே.
மீன்காரி அஞ்சலாட்சி, அவள் தங்கச்சி,
சோனாங்குப்பத்திலிருந்து இன்னும் நாலு பெண்கள்,
வயர்மேன் பூவராகன் பெண்டு பிள்ளைகளோடு,
முந்திரி யாவாரி மரைக்காயர்,
பாக்கி வசூலாகாத ஃபிளெக்ஸ் கடைக்காரர்.
எல்லாருக்கும் இலவசம்.

எட்டு மணிக்கு விளக்கு அணைந்தது.
அணைந்ததுமே வாசல் கூடையில் பூவராகனின் போன் அலறியது.
எதிர்வீட்டுக்காரர்.
"ஓட்டல்ல கரண்ட் போயிடுச்சேண்ணே, எங்களுக்கும் போயிடுமா?"

முதல் தட்டு.
என்ன மீன் என்று சொன்னால் பரிசு.
அஞ்சலாட்சி வாயில்கூட வைக்கவில்லை,
விரலால் ஒரு பிட்டு.
"சீலா."
மைக்கில் முதலாளி சிரித்தார்: "இல்லம்மா, வஞ்சிரம்."
"சீலா தம்பி. நான் போட்ட மீனும் இல்ல.
ஐஸுல அஞ்சு நாள் கெடந்தது."
"ஆறு" என்றாள் தங்கச்சி.
இருட்டில் ஆறு பெண்கள் சேர்ந்து சிரித்தால்
எந்தப் பக்கமிருந்து என்று தெரிவதில்லை,
கட்டடமே சிரிக்கிற மாதிரி இருந்தது.

யார் வீட்டுக் குழந்தையோ சிணுங்க,
முதலாளி குரலை இளக்கிக்கொண்டு சொன்னார்:
"பயப்படாதீங்க. வெறும் இருட்டு, தானே?"

தானே.

அவர் சும்மாதான் சொன்னார்.
அந்த மார்கழியில் அவர்
ஏற்காட்டில், ஹாஸ்டல் பள்ளியில்.
இங்கே ஓடு பறந்தது அவருக்கு டிவியில்.

தட்டுகளில் சத்தம் நின்றது.
நான் பாயசத்தோடு ஒன்பதாம் எட்டில் நின்றேன்.

"எங்க தெருவுக்கு கரண்ட் வர பத்தொம்பது நாளு."
"எங்களுக்கு இருவத்தாறு."
"அந்தக் கம்பத்த நட்டதே நான்தான்" என்றது பூவராகனின் குரல்,
"அதுல சாஞ்சபடியே தூங்கிட்டேன்."
"எங்களுக்குப் பொங்கலே இருட்டுலதான்."
அழவில்லை ஒருவரும்.
மீன் ஏலத்தில் விலை ஏற்றுவதுபோல
நாளை ஏற்றிக்கொண்டே போனார்கள்.
மரைக்காயர் மெதுவாக,
"முந்நூறு மரம். விடிஞ்சு பாத்தா எல்லாம் ஒரே பக்கமாப் படுத்துக் கெடக்கு,
தொழுவுற மாதிரி."
பிறகு கேட்டார், "பாயசத்துல முந்திரி உண்டா?"

நான் அப்போது ஆறாம் வகுப்பு.
மெழுகுவத்திக்கு வரிசையில் நின்றவன்.
என் கணக்கைச் சொல்லவில்லை,
கையில் பதினாலு கிண்ணம்.

நாற்காலி நகர்ந்தது.
பூவராகன் எழுந்தார், எட்டு எண்ணவில்லை,
சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே போனார்.
நான் ஒரு வாரம் தேடிப் பழகிய மெயின் ஸ்விட்ச்
அவர் கைக்குத் தானாக வந்தது.

வெளிச்சம்.

ஒவ்வொருவர் இடதுகையும்
தட்டுக்கு மேலே குடையாகக் கவிந்திருந்தது.
ஒழுகும் கூரைக்குக் கீழே சோறு தின்ற கை.
கண்கூசியபடி அவரவர் கையை அவரவரே பார்த்து
மடியில் இறக்கிக்கொண்டார்கள்.

முதலாளி மைக்கைப் பிடித்தபடி நின்றார்,
எந்தப் பட்டனை அழுத்தினால் அணையும் என்று தெரியாதவர்போல.
அஞ்சலாட்சி தட்டைத் தள்ளிவைத்தாள்.
"நாளைக்கு நானே வஞ்சிரம் கொண்டாறேன் தம்பி.
துட்டு முன்னாடியே குடுத்துரணும்."

அதுவரை வாயே திறக்காத
ஃபிளெக்ஸ் கடைக்காரர்
தொண்டையைச் செருமினார்:
"அந்தப் பாக்கி…"