கழுத்துக்காகப் போனவன்

கழுத்து வலி என்றுதான் போனேன்.
பட்டர்வொர்த் துறைமுகத்தில் பதினோரு வருசம்
கண்ணாடித் தரைக்கு மேல் உட்கார்ந்து
இரண்டு முழங்காலுக்கு நடுவே
கப்பலைப் பார்த்துக் குனிந்த கழுத்து.

பர்மா ரோட்டில், பல் டாக்டருக்கு மேல்மாடி.
மெல்பர்னில் படித்து வந்த ரமீஸா
கழுத்தைத் தொடவேயில்லை.
இடது கணுக்காலை
இரண்டு உள்ளங்கைக்குள் ஏந்திக்கொண்டு
நெடுநேரம் சும்மா இருந்தாள்,
அடுத்த வீட்டுப் பேச்சைச்
சுவரில் காது வைத்துக் கேட்பவள் மாதிரி.

'தங்கச்சி, வலி மேலே.'
'வலிக்கிறது மேலே.
எங்கேயிருந்து வலிக்குதுன்னு பார்க்கிறேன்.'

சிரித்தேன். ஆனால் எனக்குத் தெரியாததா?
இரண்டாம் கேட்டில் ஒரு லோரி
டயர் வெடித்து நின்றால்
நாற்பது மீட்டர் உயரத்தில் என் கை சும்மா கிடக்கும்.
கிரேனைக் கழற்றிப் பார்த்து என்ன ஆகும்?
லோரியைத் தள்ளிவிட்டால்
பெட்டிகள் தன்னால் நகரும்.

ரத்தம் போக வழி விட்டால்
மிச்சத்தை உடம்பு பார்த்துக்கொள்ளும் என்றாள்.
எல்லாவற்றையும் நான் நம்பவில்லை.
காய்ச்சல் வந்தால் கிளினிக்குக்குத்தான் போவேன்.
'நானும்தான்' என்றாள்.

விலா எலும்புகளின் மேல் விரல் நடக்க நடக்க
ஒரு கதை சொன்னாள்.
இதைத் தொடங்கியவன் அமெரிக்காவில் ஒரு டாக்டர்.
ஒரே ஒரு மூளைக்காய்ச்சல் காலம்
அவன் வீட்டிலிருந்து மூன்று பிள்ளைகளைக் கொண்டுபோனது.
கையிலிருந்த மருந்து எதுவும் கேட்கவில்லை.
அப்புறம்தான் அவன்
எலும்பை முதலிலிருந்து படிக்க உட்கார்ந்தான்,
தொட்டுத் தொட்டு,
பத்து வருசம்.

மூன்றா, என்றேன்.
மூன்று, என்றாள்.

திரும்பவும் கணுக்காலுக்கு வந்தாள்.
'இது எப்போ?'

பெர்ரியில்.
பலகையைத் தூக்கும்போது குதித்தேன்.
தீவுப் பக்கம், பெரிய ஆஸ்பத்திரி,
பிரசவ வார்டிலிருந்து போன் வந்த ராத்திரி.
பெர்ரியைப் பிடித்துவிட்டேன்.
போய்ச் சேர்ந்தபோது
வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள்.
கால் வீங்கியதை அன்றைக்கு
யார் பார்த்தது.

ரமீஸா ஒன்றும் சொல்லவில்லை.
கையையும் எடுக்கவில்லை.
ஏர்கோன் தண்ணீர் வாளியில்
சொட்டிக்கொண்டிருந்தது.

கழுத்து இன்னும் கொஞ்சம் பிடிக்கிறது.
கட்டைவிரல் மரத்துப்போவது மட்டும் நின்றிருக்கிறது.
சனிக்கிழமை இரவு ஷிப்ட்,
கிரேன் ஏணியில் ஏறும்போதுதான் கவனித்தேன்:
இத்தனை வருசமாய்
ஒவ்வொரு படிக்கும்
வலது காலையே முதலில் வைத்து வந்திருக்கிறேன்.