நீரின் மூலம்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வெள்ளைக் கார்
கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது.
பாம்பன் பாலத்தின் நடுவில், நல்ல வெயிலில்,
வைப்பர் தானாக ஓடத் தொடங்கியதாம்.
பிறகு ஹாரன்.
பிறகு நான்கு கதவும் பூட்டி, திறந்து, பூட்டி.
பின்னால் நின்ற பேருந்தின் கண்டக்டரிடம்
"நான் அடிக்கல, அதுவா அடிக்குது" என்று
பாலம் முடியும் வரை சொல்லிக்கொண்டு வந்தேன் என்றார்
பிரிஜித்தா.
கணவாய் ஏற்றுமதிக்குக் கணக்கு எழுதுகிறவர்.
கடன் இன்னும் நாற்பத்தொரு தவணை.
வாரண்டி இன்னும் ஐந்து மாதம்.

இடப்பக்கத்து மிதியடியைத் தூக்கினேன்.
சொதசொதவென்று கார்ப்பெட்.
அதற்கடியில் உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி;
கார் யோசிப்பது இதற்குள்தான்.
நாற்பது பின்னில் பதினொன்று பச்சை.
செம்பு பச்சையாவது அழகுதான்,
பழைய காசில் என்றால்.

முன் கண்ணாடிக்குக் கீழே வடிகால் துளை.
சுண்டுவிரல் நுழையாது.
சீமைக் கருவேல இலை அடைத்திருந்தது.
இலை என்றுகூடச் சொல்ல முடியாது,
பச்சைத் தவிடு, ஒரு கைப்பிடி.
ஐப்பசி மழை வழி கேட்டுப் பார்த்துவிட்டு
கிடைத்த வழியில் உள்ளே இறங்கியிருக்கிறது.

சென்னையிலிருந்து வீடியோவில் வந்தார் கிளெய்ம் அதிகாரி.
"அந்த வெள்ளைப் பொடியக் காட்டுங்க.
இன்னும் கிட்ட.
உப்பா?"
நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன்,
எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தராத பரிசோதனை.
"உப்புதான் சார்."
"அப்ப கடல்தண்ணி. ரிஜெக்ட்."

பிரிஜித்தா என் கையிலிருந்த போனை நோக்கிக் குனிந்தார்.
"சார், எங்க தெருவுல உப்பில்லாத தண்ணி
குடம் பதினஞ்சு ரூவா, லாரில வரும்.
வராத அன்னைக்கி கொழம்புக்கு உப்பு போட மாட்டோம்.
கடலு எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும்.
அதுல நான் காரை இறக்கல."
திரையில் அவர் முகம் பாதிக் கண் மூடியபடி உறைந்திருந்தது.
சிக்னல் எப்போது போனதோ.
எதுவரை கேட்டாரோ.

சாயங்காலம் படிவம் வந்தது.
நீரின் மூலம்: கடல்.
அச்சாகியே வந்தது. அதை மாற்ற என் பாஸ்வேர்டுக்கு அனுமதி இல்லை.

கோப்பைப் புரட்டினேன்.
முதல் இலவச சர்வீஸ். இரண்டாவது. மூன்றாவது.
மூன்றிலும் ஒரே வரி, என் கையெழுத்தில்:
வாட்டர் வாஷ், கட்டணம் இல்லை.
பட்டறையின் பின்பக்கம் எங்கள் போர், நூற்றெண்பது அடி.
அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது.
குழாய் மூக்கை வாரம் ஒருமுறை
ஸ்பேனரால் தட்டி வெள்ளையை உதிர்க்கிறோம்.
அதைத்தான், முழு அழுத்தத்தில்,
அந்தத் துளைக்கு நேராக,
மூன்று முறை.

மேனேஜர் டீக்குப் போயிருந்தார்.
மூன்று ஜாப் கார்டையும் ஜெராக்ஸ் எடுத்தேன்.
ஆறு ரூபாய், என் பையிலிருந்து.
மடித்து, காரின் கையேட்டுக்குள்,
வாரண்டி விதிகள் தொடங்கும் பக்கத்தில் வைத்தேன்.
அவரிடம் எதுவும் சொல்லவில்லை.
வந்த கயிற்றிலேயே கார் திரும்பிப் போனது.
கேட்டைத் தாண்டும்போது வலது இண்டிகேட்டர் அடித்தது.
திரும்பியது இடப்பக்கம்.

நாலு நாள் கழித்து போன்.
நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை.
"வக்கீலம்மாட்ட காட்டுனேன்.
ஜெராக்ஸ் செல்லாதாம்.
அசல் வேணுமாம்.
எடுத்துக் குடுப்பீங்களா?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு
கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.
தேய்க்கத் தேய்க்க
நுரை வரவில்லை.