எட்டு மணிப் பூ

குளுகோரில் பேருந்து இறக்கிவிடும்போது
மணி ஆறே முக்கால்.
கடல் இன்னும் நிறம் எடுக்கவில்லை.
பாலத்து விளக்குகள் மட்டும்
யாரோ அணைக்க மறந்த வரிசை.

விடுதிச் சுவரோரம் எழுபத்திரண்டு செடிகள்.
மலாய்க்காரர்கள் வைத்த பேர் புக்குல் லாப்பான்:
எட்டு மணிக்குத் திறந்து
உச்சி வெயிலுக்கு முன் கடையைச் சாத்திவிடும்
மஞ்சள் பூ.

முந்தின மாலையே மொட்டுகளுக்குப் பை கட்டியாக வேண்டும்,
பூச்சி தொடாத தேன் எவ்வளவு என்று அறிய.
துறையில் வலைப்பை தீர்ந்துவிட்டது.
அதனால்
அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய பைகள்.
நான்கு பாதாமும் கொஞ்சம் கற்கண்டும் போட்டுக் கொடுக்க
பசார் தெருவில் பேரம் பேசி வாங்கியவை, ஐந்நூறு.
மேலே பொன்னெழுத்தில்
நித்திலா – கோகுலன்,
தேதி, மண்டபம்.
கல்யாணம் நடக்கவில்லை. பைகள் இருந்தன.

ஹுய் வென் எழுத்துகளைத் தடவிப் பார்த்து
பூவின் பேரா இது என்றாள்.
மாதிரி எண் என்றேன்.

மயிரிழைக் கண்ணாடிக் குழாயைப்
பூவின் தொண்டைக்குள் விட்டால் போதும்,
தேன் தானாக ஏறிவரும்.
ஒரு மைக்ரோலிட்டர். சில நாள் அரை.
எறும்பின் கண்ணீர் அளவு என்று எழுத ஆசை.
ஆய்வேட்டில் அதற்கு இடமில்லை,
எறும்புக்குக் கண்ணீரும் இல்லை.
எறும்புக்கு இலைக்காம்படியில் தனியாக இரண்டு கிண்ணம் உண்டு;
உள்ளே வராதே, வாசலிலேயே சாப்பிட்டுப் போ என்கிறது செடி.

மானியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
நீலக்கோடு இருபத்தெட்டில் நிற்கும்,
நூறில் இருபத்தெட்டு பங்கு இனிப்பு.
ஒருநாள் விளையாட்டாக
சீனி குறைச்சல் என்று சொல்லி வாங்கிய தே தாரிக்கை அளந்தோம்.
பதினைந்து.

எட்டு நாற்பத்தேழுக்கு ஒரு கெலுலுட் வந்தது,
எள்ளைவிடச் சற்றே பெரிய, கொட்டத் தெரியாத தேனீ.
பையின் மேல் இறங்கி
நித்திலாவின் முதல் சுழியில் நடந்து
கோகுலன் வரை போய்
அங்கே கொஞ்சம் நின்று
பறந்துவிட்டது.
வருகை: இல்லை என்று குறித்தேன்.

கணக்கு இடறியது எட்டாம் நாள்.
எட்டரைக்கு ஒன்று புள்ளி ஒன்று.
பத்துக்கு ஒன்று புள்ளி நான்கு.
பதினொன்றரைக்கு வெறும் புள்ளி ஆறு.
பையில் ஓட்டை இல்லை.
தண்டில் பூசிய வாசலின் மேல் ஒரு கால்தடமும் இல்லை.
நீ தப்பாகப் படித்தாய் என்றேன்.
ஹுய் வென் பசியாறாமல் எழுந்து போனாள்.

மறுநாள் நானே படித்தேன். அதேதான்.
ஆவியாகியிருந்தால் மிச்சம் கெட்டிப்பட்டிருக்க வேண்டும்,
கோடு இருபத்தெட்டிலேயே நின்றது.
போனது தண்ணீர் மட்டுமல்ல.

குடிக்க ஆள் வராத தேனைத்
தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் செடிகள் உண்டாம்.
இதுவும் அந்த இனமா என்று சொல்ல
எழுபத்திரண்டு போதாது.
ஹுய் வென்னுக்கு இரண்டு பொட்டலம் நாசி லெமாக் வாங்கினேன்.
ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டாள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவுமுறை முடித்து வந்த அக்கா
காலுறையைக் கழற்றியபடி கேட்டாள்,
பை பத்துதா?
பத்துது என்றேன்.
பிறகு, கேட்காமலே, கணக்கைச் சொன்னேன்.
எவ்வளவு நேரத்துல திரும்ப எடுத்துக்குது?
மூணு மணி நேரம்.
கெட்டிக்காரப் பூதான், என்றாள்,
எனக்கு ஒன்பது மாசம் ஆச்சு.
சிரித்தாள். குளிக்கப் போனாள்.
தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் அறுபத்தொன்பதாம் செடியில்
ஒரு பை அவிழ்ந்து புல்லில் கிடந்தது.
பூவில் தேன் துளிகூட இல்லை.
இதழ் நெடுக மகரந்தம் சிந்தியிருந்தது,
யாரோ அவசரமாகப் பசியாறிவிட்டுப் போன மாதிரி.
அளவு என்ற கட்டத்தில் சுழியம் போட்டேன்.
காரணம் என்ற கட்டத்தை
ஹுய் வென் எட்டிப் பார்த்தாள்,
பேனாவை வாங்கி
தெரியவில்லை என்று மலாயில் எழுதினாள்.