பத்தொன்பதாம் நாள்

தையல் பிரித்தாயிற்று. காய்ச்சல் இல்லை.
வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிய சீட்டு
கபிங்காவின் தலையணைக்கடியில் கசங்கிக் கிடக்கிறது.

கனங்கா மருத்துவமனை வாசலில்
காவலாளி முலும்பா கேட்பது வேறு சீட்டு.

பணம் கட்ட முடியாததால் கட்டில்.
கட்டிலில் கிடப்பதால் கட்டணம்.
வைர மண் சலிக்கப் போன கணவன்
போனில் ‘நாளை’ என்கிறான்,
சிக்னல் போகிறது.

சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், பிரெஞ்சில்
நோயாளியின் உரிமைகள்.
ஆறாவது வரைக்கும் எழுத்துக்கூட்டி வந்துவிட்டாள்.
“இது யாருக்கு, அக்கா?”
நர்ஸ் கண்ணாடியைத் துடைக்கிறாள்,
துடைத்த இடத்தையே மறுபடியும்.

பெயரிடாத பிள்ளையை
ஜன்னலுக்குத் தூக்கிக் காட்டுகிறாள்:
அதோ தெரு.
மரவள்ளி மாவு விற்கிறவள். ஒரு மோட்டார் சைக்கிள்.

உன் பேரில் பில் இல்லையடி.
நடக்கத் தெரிந்தால்
நீ போகலாம்.