எழுபத்தைந்தாம் சாலை

பனி வாரும் வண்டியை நிறுத்திவிட்டு
நாலரை மணிக்கு வீடு வருகிறேன்.
கூமோவில் அதை யாரும் காலை என்று சொல்வதில்லை.
வெளிச்சத்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம்.
வந்தாலும் அது விடியல்தானா என்று
கோழிகளுக்கே சந்தேகம்.

ஆறு கோழிகள். நவம்பர்வரை ஏழு.
ஏழாவதை,
கீரிக்குத் தூரத்துச் சொந்தம் போலிருக்கும் வெள்ளைப் பிராணி ஒன்று
இரண்டு விரல் அகல ஓட்டையில் நுழைந்து
கழுத்தில் மட்டும் கடித்துவிட்டுப் போனது.
தின்னக்கூட இல்லை.
ஓட்டையை மீன் டப்பா மூடியால் அடித்து அடைத்தேன்.

எல்லோரும் குளிரைப் பற்றிக் கேட்கிறார்கள்.
குளிர் ஒன்றும் செய்யாது,
மெத்தையோடு பிறந்த சாதி இது.
ஈரம்தான் எமன்.
மூச்சும் எச்சமும் ஆவியாகிக் கூரையில் உறைந்து
உருகி, கொண்டையில் சொட்டி
மறுபடி உறையும்.
அதனால் மேல் ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும்,
மைனஸ் முப்பதிலும்.
புத்தி ஏற்றுக்கொள்ளும்.
தாழ்ப்பாளில் கை வைத்தால்
கை ஏற்றுக்கொள்ளாது.

வாஸ்லினை உள்ளங்கையில் இளக்கி
கொண்டை கொண்டையாகப் பூசுகிறேன்.
நான் பனி வாரும் சாலைகளின் எண்களே
இவற்றின் பெயர்கள்.
தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு அடங்கி உட்காரும்.
எழுபத்தைந்து கொத்தும்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு
பனி சுமந்த பைன் மரம் மின்கம்பியில் சாய்ந்தது.
பல்பு போயிற்று.
தண்ணீர்க் கிண்ணத்தின் அடியிலிருந்த சூட்டுத் தட்டு போயிற்று.
கிண்ணத்தைக் கவிழ்த்தேன்,
தண்ணீர் கிண்ணத்தின் வடிவத்திலேயே விழுந்தது.

சவுனாவில் விறகு போட்டேன்.
கை பொறுக்கும் சூட்டில் நெருப்பைத் தணித்து
பலகைகளில் பழைய செய்தித்தாள் விரித்து
கோட்டுக்குள் இரண்டிரண்டாக
மூன்று நடை.
கீழ்ப்பலகையில்தான் விட்டேன்.
வரி கட்டுகிறவர்களைப் போல
நேரே மேல்பலகைக்கு ஏறிக்கொண்டன.

கதவு தட்டும் சத்தம்.
கெம்ப்பைனன்.
இரண்டு குளிர்காலமாக என்னோடு பேசாதவர்.
என் வண்டியின் அலகு ஒரு விடியற்காலையில்
அவர் தபால் பெட்டியை
வாசல் பனியோடு சேர்த்து வாரிக்கொண்டு போனதிலிருந்து.
கையில் டார்ச், கக்கத்தில் பிர்ச் விறகு.
“செவ்வாய்க்கிழமை புகை வருகிறது” என்றார்.
அவ்வளவுதான்.
பூட்ஸோடு கீழ்ப்பலகையில் உட்கார்ந்தார்.
தலைக்கு மேலே ஆறு கோழிகள்.

வெகுநேரம் யாரும் பேசவில்லை.
இந்த ஊரில் அது மரியாதை.
விறகு வெடித்தது. ஒரு கோழி தூக்கத்தில் முனகியது.
அப்புறம், அவர் கம்பளித் தொப்பியில்
சொத்தென்று ஏதோ விழுந்தது.

அவர் துடைக்கவில்லை.
“இது எந்தச் சாலை?” என்றார்.
பெயர்கள் அவருக்கு எப்படித் தெரியும்?
நான் கத்துவது வேலி தாண்டிக் கேட்டிருக்க வேண்டும்.
“எழுபத்தைந்து” என்றேன்.
“என் வாசல் சாலை.”
“ஆமாம்.”
தோள்கள் குலுங்கின.
சிரிப்பா குளிரா என்று
டார்ச் வெளிச்சத்தில் தெரியவில்லை.

ஐந்தரைக்கு மின்சாரம் வந்தது. அவர் போனார்.
விறகை விட்டுவிட்டுப் போனார்.

இப்போதும் பேசுவதில்லை.
எதிரே வண்டியில் வந்தால்
ஸ்டீயரிங்கிலிருந்து கை எடுக்காமல்
ஒரு விரலை மட்டும் உயர்த்துகிறார்.
அவர் வாசல் வரும்போது நானும்
அலகைச் சற்றே தூக்கிக்கொள்கிறேன்.
மேலதிகாரிக்குத் தெரிந்தால் திட்டுவார்.

பிப்ரவரி கடைசியில்
வைக்கோலுக்குள் ஒரு முட்டை.
வேலை முடிந்து நான் வருவதற்குள் உறைந்து
நெடுக வெடித்திருந்தது.
யார் இட்டது என்று தெரியவில்லை.
ஆறும் மேலே வரிசையாக உட்கார்ந்து
தங்களுக்குச் சம்பந்தமில்லாதது போல
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

உரித்துச் சட்டியில் போட்டேன்.
மஞ்சள் கரு கோலிக்குண்டாக உருண்டு
இளகுவதற்கு நேரம் எடுத்தது.
கோட்டைக்கூடக் கழற்றாமல்
அடுப்படியில் நின்றேன்.